காற்புள்ளிகளுக்கு நடுவிலிருந்து வரைபடத்துக்கு: திட்டக் காப்பு ஆவணங்களில் மாற்றுத்திறனாளிகளைச் சேர்ப்பது எப்படி

ஒரு வளர்ச்சித் திட்டத்தின் சமூக, சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கை முதன்முதலாக உங்கள் கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். படிக்கத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். கணினியில் தேடல் பெட்டியைத் திறந்து ‘மாற்றுத்திறனாளி’ என்று தட்டுங்கள். முந்நூறு பக்கத்தில் நாலைந்து இடத்தில் வரும். பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே வாக்கியம்தான்: ‘பெண்கள், முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினருக்குச் சிறப்புக் கவனம் செலுத்தப்படும்.’ யார் செலுத்துவார், எந்தப் பணத்தில், எந்தத் தேதிக்குள் என்று ஒன்றும் இருக்காது.

நானும் அந்த வாக்கியத்தை எழுதியவன்தான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், பழைய அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்து ஒட்டினேன். மேலதிகாரி கேட்கவில்லை, கடன் கொடுத்த நிறுவனமும் கேட்கவில்லை. பிறகு கட்டி முடித்த இடத்தைப் போய்ப் பார்த்தபோதுதான் அந்த வாக்கியம் தரையில் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தவில்லை என்று தெரிந்தது.

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். திட்ட அலுவலகத்தில் சேஃப்கார்ட்ஸ் பிரிவில் உட்கார்ந்திருப்பவர், ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறவர், மாற்றுத்திறனாளிகள் அமைப்பிலிருந்து கூட்டத்துக்கு அழைக்கப்பட்டவர் என யாராக இருந்தாலும் சரி. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தச் சொல்லைக் காற்புள்ளிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து, வரைபடத்திலும் வேலைப் பட்டியலிலும் ஒப்பந்தத்திலும் கொண்டுபோய் வைப்பது.

முதலில், எந்த விதி உங்களைக் கட்டுகிறது?

சேஃப்கார்ட்ஸ் எனப்படும் காப்பு நெறிகள் என்பவை, சாலையோ அணையோ குடிநீர்க் குழாயோ போடும்போது அங்கே இருக்கிற மனிதருக்கும் மண்ணுக்கும் கேடு வராமல் பார்த்துக்கொள்ள, பணம் கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒப்புக்கொள்ளும் விதிகள். யாருடைய பணம் என்பதைப் பொறுத்து விதி மாறும்.

உலக வங்கியின் பணம் என்றால், 2016இல் ஒப்புதல் பெற்று 2018 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் சுற்றுச்சூழல், சமூகச் சட்டகம். அதில் பத்து தரநிலைகள் உண்டு. மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் ஐந்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1ஆவது, மதிப்பீடு: திட்டத்தின் கேடு நலிந்தவர்கள் தலையில் கூடுதலாக விழக்கூடாது, அதற்குத் தனி நடவடிக்கை வேண்டும் என்கிறது. 2ஆவது, தொழிலாளர். 4ஆவது, அக்கம்பக்கத்தாரின் உடல்நலமும் பாதுகாப்பும். பொதுமக்கள் புழங்கும் புதிய கட்டடங்களில் எல்லோரும் அணுகும் வசதி இருக்க வேண்டும் என்ற வரி இங்கேதான் இருக்கிறது. 5ஆவது, நில எடுப்பும் மறுகுடியமர்வும். 10ஆவது, மக்களோடு பேசுவதும் தகவல் வெளியிடுவதும். இவற்றோடு, 2018இல் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உலக வங்கி ஒரு நல்நடைமுறைக் குறிப்பும் வெளியிட்டது. அதை முதல் வாரமே படித்துவிடுங்கள்.

தனியார் நிறுவனங்களுக்குக் கடன் தரும் பன்னாட்டு நிதிக் கழகத்துக்கு 2012இன் செயல்திறன் தரநிலைகள். ஆசிய வளர்ச்சி வங்கி வெகுகாலம் 2009இன் கொள்கையோடு ஓடியது. 2024 நவம்பரில் புதிய சட்டகத்துக்கு ஒப்புதல் அளித்தது. உங்கள் திட்டம் எந்த ஆண்டில், எந்த விதியின் கீழ் கையெழுத்தானது என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய திட்டத்துக்குப் பழைய விதிதான்.

இவை எல்லாவற்றுக்கும் பின்னால் ஐக்கிய நாடுகள் சபையின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை நிற்கிறது. 2006 டிசம்பரில் நிறைவேறி, 2008 மே 3 அன்று நடைமுறைக்கு வந்தது. கூட்டத்தில் யாராவது ‘இதெல்லாம் கூடுதல் வசதிதானே’ என்று இழுத்தால் அதன் பிரிவு 32ஐச் சொல்லுங்கள்: பன்னாட்டு உதவியோடு நடக்கும் வளர்ச்சித் திட்டங்கள் மாற்றுத்திறனாளிகளை உள்ளடக்கியும் அவர்கள் அணுகும்படியும் இருக்க வேண்டும் என்கிறது. 4(3) அவர்களைக் கலந்து பேசச் சொல்கிறது. 9 அணுகல் வசதி, 11 பேரிடர், 31 புள்ளிவிவரம். உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்ட நாட்டில் உள்நாட்டுச் சட்டமும் கட்டட விதியும் இருக்கும். வங்கி விதி, நாட்டு விதி இரண்டில் எது கறாரோ அதைப் பிடித்துக்கொண்டால் பின்னால் வம்பு வராது.

திட்டத்தை நாள்கணக்கில் நடந்து பாருங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, கட்டி முடித்த பிறகு எப்படி இருக்கும் என்பதை மட்டும் நினைப்பது. சாய்தளம் போட்டாயிற்று, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு மூன்று வருடம் வேலை நடக்கும். கேடு அதிகம் நடப்பது அந்தக் காலத்தில்தான்.

ஒரு சாலையை அகலப்படுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். நடைபாதையைத் தோண்டி, சிவப்பு நாடாவை இடுப்பு உயரத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். பார்வை உள்ளவருக்கு அது எச்சரிக்கை. பார்வையற்றவரின் வெண்கோல் தரையைத் தடவிக்கொண்டு அந்த நாடாவுக்கு அடியில் போகும். ஆள் பள்ளத்துக்குள் போவார். அங்கே வேண்டியது கோல் தட்டுப்படும்படி தரையோடு ஒட்டிய திடமான தடுப்பு. செலவு சில பலகைகள்.

அதே இடத்தில் பாறைக்கு வெடி வைக்கும் முன் சங்கு ஊதுகிறார்கள். காது கேளாதவருக்கு அந்தச் சங்கு இல்லை. பின்னோக்கி வரும் லாரியின் எச்சரிக்கை ஒலியும் இல்லை. சுழலும் விளக்கு, கொடி பிடித்த ஆள், முதல் நாளே கைபேசிக்குக் குறுஞ்செய்தி என ஏதாவது ஒன்று வேண்டும்.

பேருந்து நிறுத்தத்தைத் தற்காலிகமாக முந்நூறு மீட்டர் தள்ளி வைக்கிறார்கள். மற்றவர்களுக்கு அது நாலு நிமிட நடை. ஊன்றுகோலில் போகிறவருக்கு, இடையில் கொட்டிக்கிடக்கும் ஜல்லியோடு சேர்த்தால், வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுக்கும் தூரம். சக்கர நாற்காலிக்கு ஜல்லிமேல் வழியே கிடையாது. விடாமல் அதிரும் இயந்திரச் சத்தத்தில், ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையின் வீட்டில் என்ன நடக்கும் என்பது எந்த டெசிபல் அட்டவணையிலும் வராது. சத்த அளவு வரம்புக்குள்தான் இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அது உண்மையாகவும் இருக்கும்.

சரி, செய்யவேண்டியது இது. திட்டத்தை நில எடுப்பு, கட்டுமானம், பயன்பாடு, பராமரிப்பு என்று காலவரிசையில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஆறு பேரை மனத்தில் நடக்கவிடுங்கள்: பார்வையற்றவர், காது கேளாதவர், சக்கர நாற்காலியில் போகிறவர், அறிவுசார் குறைபாடு உள்ளவர், மனநலச் சிக்கலோடு வாழ்கிறவர், மூப்பால் இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்துவந்தவர். எங்கே தடுமாறுகிறார்கள் என்று எழுதுங்கள். ஒரு மாலை போதும். இது முதல் வரைவுதான். அவர்களே வந்து பாதியை அடித்துத் திருத்துவார்கள், அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஒரு கேடு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டியது. பெரிய கட்டுமானம் என்றால் வெளியூர்த் தொழிலாளர் நூற்றுக்கணக்கில் வந்து முகாமிடுவார்கள். ஒப்பந்த நிறுவன ஆட்கள் சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதால் உகாண்டாவின் போக்குவரத்துத் திட்டம் ஒன்றை 2015 டிசம்பரில் உலக வங்கி ரத்தே செய்தது. அதற்குப் பிறகுதான் இந்த ஆபத்து காப்பு ஆவணங்களில் கறாராக எழுதப்படுகிறது. காது கேளாத, பேச இயலாத, அறிவுசார் குறைபாடு உள்ள பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு வழி இல்லை என்று கெடுதல் செய்பவர் கணக்குப் போடுகிறார். பாலியல் வன்முறைத் தடுப்புத் திட்டம் தனி ஆவணமாக இருந்தால், அதையும் திறந்து, சைகை மொழி தெரிந்த ஆதரவாளர் யார் என்று தேடிப்பாருங்கள்.

கதவருகே நின்று கேட்கும் கேள்வி

எத்தனை பேர் இருக்கிறார்கள்? உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் உலக மக்களில் சுமார் 16 விழுக்காடு, 130 கோடிப் பேர், கணிசமான குறைபாட்டோடு வாழ்கிறார்கள். ஆறில் ஒருவர். ஆனால் திட்டக் கணக்கெடுப்பு முடிந்து வரும்போது ஒரு விழுக்காடு, ஒன்றரை விழுக்காடு என்றுதான் பலமுறை வரும். மீதிப்பேர் எங்கே போனார்கள்?

கணக்கெடுப்பாளர் கதவருகே நிற்கிறார். ‘உங்க வீட்ல மாற்றுத்திறனாளி யாராவது இருக்காங்களா?’ என்கிறார். குடும்பத் தலைவர் ‘இல்லை’ என்கிறார். உள்ளறையில் பாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். ஆனால் அது வயசு, குறைபாடு இல்லை. பத்து வயதுப் பையனுக்குப் பேச்சு சரியாக வரவில்லை. கொஞ்சம் லேட்டாக வரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணின் காதைப் பற்றி வெளியாளிடம் சொல்லவே மாட்டார்கள். கணக்கெடுப்பாளர் ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகிறார். யாரும் பொய் சொல்லவில்லை. கேள்விதான் தப்பு.

இதற்கு மாற்று ஏற்கனவே இருக்கிறது. 2001இல் ஐக்கிய நாடுகள் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் அமைந்த வாஷிங்டன் குழு, ஆறு கேள்விகள் கொண்ட ஒரு சிறு தொகுப்பு வைத்திருக்கிறது. கண்ணாடி போட்டிருந்தாலும் பார்ப்பதில் சிரமம் உண்டா? காதுக்கருவி வைத்திருந்தாலும் கேட்பதில்? நடப்பதில், படியேறுவதில்? நினைவு வைத்துக்கொள்வதில், கவனம் செலுத்துவதில்? குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலைகளில்? வழக்கமாகப் பேசும் மொழியிலேயே பிறருக்குப் புரியவைப்பதில், பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதில்? ஒவ்வொன்றுக்கும் நாலு பதில்: சிரமம் இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. ஏதாவது ஒரு கேள்விக்குக் கடைசி இரண்டில் ஒன்று வந்தால் அவரைக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, குறைபாடு, ஊனம், மாற்றுத்திறனாளி என்ற எந்தச் சொல்லையும் கேட்பவர் வாயில் எடுக்கக்கூடாது. கேள்வித்தாளின் தலைப்பில்கூட வேண்டாம். நான் பார்த்த ஒரு கணக்கெடுப்பில் ஆறு கேள்வியும் சரியாகத்தான் இருந்தன, ஆனால் அவற்றுக்கு முன்னால் ‘வீட்டில் குறைபாடு உள்ளவர் உண்டா, இல்லையெனில் அடுத்த பகுதிக்குச் செல்லவும்’ என்று யாரோ புத்திசாலித்தனமாக ஒரு வடிகட்டியைச் சேர்த்துவிட்டார்கள். மொத்த உழைப்பும் வீண். இரண்டு, வீட்டில் உள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் தனித்தனியாகக் கேட்க வேண்டும், முடிந்தவரை அவரிடமே. மூன்று, இந்தச் சிறு தொகுப்பு ஐந்து வயதுக்குக் கீழ் வேலை செய்யாது. குழந்தைகளுக்கென யுனிசெஃபும் வாஷிங்டன் குழுவும் சேர்ந்து உருவாக்கிய தனித் தொகுப்பு உண்டு, 2 முதல் 17 வயது வரை. மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றையும் இந்த ஆறு கேள்விகள் அனேகமாகத் தவறவிடும். அதற்கு விரிவான தொகுப்பைத்தான் பயன்படுத்த வேண்டும்.

மறுகுடியமர்வு உள்ள திட்டத்தில் இது புள்ளிவிவரச் சண்டையோடு நிற்பதில்லை. கணக்கெடுப்புக்கு ஒரு கடைசித் தேதி இருக்கும். அன்றைக்குப் பட்டியலில் இல்லாதவர், பிறகு வந்து எனக்கும் உண்டு என்று நிரூபிக்க அலைய வேண்டும். படி இறங்க முடியாத ஒருவரை அலையவிடுவது எவ்வளவு அநியாயம் என்று யோசியுங்கள்.

கூட்டம் போடுவது

‘எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்’ என்பது உலகம் முழுக்க மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முழக்கம். அதைச் சுவரொட்டியில் அடித்துவிட்டு, கூட்டத்தை மின்தூக்கி இல்லாத இரண்டாம் மாடியில் வைக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

அழைப்பில் தொடங்குங்கள். நாளிதழ் அறிவிப்பு பார்வையற்றவரை அடையாது, ஒலிபெருக்கி காது கேளாதவரை அடையாது. இரண்டும் வேண்டும், கூடவே மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளுக்கு நேரடித் தகவல். அழைப்பிலேயே ‘வருவதற்கு என்ன வசதி வேண்டும்?’ என்று ஒரு வரி கேட்டுவிட்டால் பாதி ஊகம் தேவைப்படாது. இங்கே ஒரு எச்சரிக்கை: மாற்றுத்திறனாளிகளுக்காக நடத்தப்படும் அமைப்பு வேறு, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் அமைப்பு வேறு. இல்லம் நடத்துகிற அறக்கட்டளையின் செயலாளர் நல்லவராக இருக்கலாம், ஆனால் அவர் பேசினால் அவர் கருத்துதான் பதிவாகும். உடன்படிக்கை கலந்து பேசச் சொல்வது இரண்டாவது வகையோடு.

சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் போதும் என்று பட்ஜெட்டில் போடாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும் கூட்டம் என்றால் இருவர் வேண்டும். இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள், இல்லாவிட்டால் களைப்பில் மொழிபெயர்ப்பு தேய்ந்துவிடும். காது கேளாத எல்லோருக்கும் முறையான சைகை மொழி தெரிந்திருக்காது. பள்ளிக்கே போகாதவர் வீட்டுக்குள் உருவான சைகைகளை மட்டும் வைத்துக்கொண்டிருப்பார். அப்போது குடும்பத்தில் ஒருவரும் மொழிபெயர்ப்பாளரும் சேர்ந்து உட்கார வேண்டியிருக்கும்.

ஆவணங்களை ஸ்கேன் செய்த படமாக அனுப்பாதீர்கள். திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது வெற்றுத் தாள். எழுத்தாகப் படிக்கக்கூடிய கோப்பாக, கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள். திரையில் வரைபடம் காட்டினால் அதில் இருப்பதை வாயால் சொல்லுங்கள். ‘இங்கிருந்து இங்கே வரை’ என்று விரலால் காட்டிப் பேசுகிற பொறியாளரைக் கூட்டத்துக்கு முன்பே கொஞ்சம் பழக்கி வைக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குப் படங்களோடு சின்னச் சின்ன வாக்கியத்தில் இரண்டு பக்கத் தாள். சொல்லப்போனால் அந்த இரண்டு பக்கத்தைத்தான் கூட்டத்தில் எல்லோரும் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள்.

துணைக்கு வருகிறவருக்கும் போக்குவரத்துச் செலவு கொடுங்கள். பேசும்போது துணைக்கு வந்தவரைப் பார்த்து ‘இவருக்கு என்ன வேணும்?’ என்று கேட்காமல், மாற்றுத்திறனாளியைப் பார்த்தே கேளுங்கள். பெண்களுக்குத் தனி அமர்வு வைத்தால் பொதுக்கூட்டத்தில் வராத விஷயங்கள் வரும். கழிப்பறை இருக்கிறதா, அதற்குள் சக்கர நாற்காலி திரும்புமா என்று முதல் நாள் நேரில் போய்ப் பாருங்கள். மண்டபக்காரர் ‘எல்லாம் இருக்கு சார்’ என்றுதான் சொல்வார்.

பேசி முடித்ததும் யார் என்ன சொன்னார், அதனால் திட்டத்தில் எது மாறியது, மாறாவிட்டால் ஏன் என்று ஒரு அட்டவணை போட்டு அவர்களுக்கே திருப்பி அனுப்புங்கள். இதைச் செய்யாமல் விட்டால் இரண்டாம் கூட்டத்துக்கு ஆள் வராது.

இடம் மாற்றும்போது

மறுகுடியமர்வைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இங்கே ஒரு தப்பு நடந்தால் திருப்பவே முடியாது.

புதிய குடியிருப்பில் ஒரு வீட்டைப் பாருங்கள். வெள்ள நீர் ஏறாமலிருக்க அடித்தளம் தரையிலிருந்து 45 சென்டிமீட்டர் உயரம். வாசலில் மூன்று படி. வீட்டுக்கு முன்னால் விட்டிருக்கும் இடம் 3 மீட்டர். இந்த வீட்டைச் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவருக்கு ஒதுக்கிவிட்டு, ‘சாய்தளம் போட்டுக் கொடுத்துவிடலாம்’ என்கிறார்கள். சாய்தளத்துக்குப் பரவலாக ஏற்கப்பட்ட சரிவு 1க்கு 12. அதாவது 45 சென்டிமீட்டர் ஏற 5.4 மீட்டர் நீளம் வேண்டும். மேலே கதவுக்கு முன்னால் திரும்பி நிற்க 1.5 மீட்டர் சமதளம் தனி. இருப்பதோ 3 மீட்டர். அதற்குள் போட்டால் சரிவு 1க்கு 7கூட வராது. தனியாக ஏற முடியாது, இறங்கும்போது கவிழும். அப்படிப்பட்ட சாய்தளங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். துணி காயப்போடவும் வண்டி ஏற்றவும் உதவுகின்றன.

இதே விஷயத்தை மனை பிரிக்கும் வரைபடம் மேசையில் இருக்கும்போது பேசியிருந்தால்? அடித்தளத்தைத் தாழ்த்த வேண்டாம், வெள்ளம் வெள்ளம்தான். சில மனைகளில் மண்ணை நிரப்பி, தெருமட்டத்திலிருந்து வாசல் வரை தரையையே மெல்ல உயர்த்தியிருக்கலாம். படி 15 சென்டிமீட்டராகக் குறைந்திருந்தால் 1.8 மீட்டர் சாய்தளம் போதும். கதவைப் பக்கவாட்டில் வைத்திருந்தால் சுவரோரமாகச் சாய்தளம் ஓடியிருக்கும். எல்லாம் பென்சிலால் அழித்து வரையக்கூடிய மாற்றங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும், அதற்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

வரைபடத்தில் அடுத்து பார்க்க வேண்டியவை: கதவின் அகலம் குறைந்தது 80, 90 சென்டிமீட்டர் இருக்கிறதா, கழிப்பறைக் கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா, உள்ளே 1.5 மீட்டர் திரும்பு வட்டம் உண்டா, குழாயும் சுவிட்சும் உட்கார்ந்தபடி எட்டுமா. நாட்டின் கட்டட விதியில் தெளிவில்லாவிட்டால் ஐஎஸ்ஓ 21542 என்ற பன்னாட்டுத் தரத்தைக் கைகாட்டுங்கள்.

வீட்டைத் தாண்டியும் இழப்பு உண்டு. இருபது வருடமாக ஒரே தெருவில் இருக்கும் பார்வையற்றவர் அந்தத் தெருவைக் காலால் மனப்பாடம் செய்திருக்கிறார். எத்தனை அடியில் திருப்பம், எங்கே மேடு, யார் வீட்டு நாய் எனத் தெரியும். புது இடத்தில் அது பூஜ்யம். குடிபோகும் முன்பே ஓரிருமுறை கூட்டிப்போய், நடமாட்டப் பயிற்சி தரும் ஆளோடு பழக்க வேண்டும். இந்தச் செலவை இழப்பீட்டுத் திட்டத்தில் தனி வரியாகப் போடலாம். தினமும் வந்து குளிக்க வைத்துப்போகும் அண்டை வீட்டு அக்கா வேறு குடியிருப்புக்குப் போய்விட்டால் அந்த உதவியும் போயிற்று. ஆகவே குலுக்கல் முறையில் வீடு ஒதுக்கும் இடங்களில், உதவுகிறவரும் உதவி பெறுகிறவரும் பக்கத்துப் பக்கத்தில் அமைய முதலிலேயே ஏற்பாடு செய்யுங்கள். மாதாமாதம் மருந்து வாங்கும் மருத்துவமனையும் சிறப்புப் பள்ளியும் எவ்வளவு தூரமாகின்றன என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பணம். இழப்பீடு வழக்கமாகக் குடும்பத் தலைவர் கணக்குக்குப் போகும். நிலத்தில் பங்குள்ள, அறிவுசார் குறைபாடு உள்ள தம்பியின் கையெழுத்துக்குப் பதிலாக அண்ணன் கையெழுத்துப் போடுவார், அதிகாரியும் அது சகஜம்தானே என்று விட்டுவிடுவார். சட்டத்தின் முன் மற்றவர்களுக்குச் சமமான ஆளாக மதிக்கப்படும் உரிமையை உடன்படிக்கையின் பிரிவு 12 தருகிறது. முடிவெடுக்க அவருக்கு உதவலாம், அவரைத் தள்ளிவிட்டு முடிவெடுக்கக்கூடாது. அவர் பெயரில் தனிக் கணக்கு, நிதானமாகப் புரியவைக்க நேரம், அவரே நம்பித் தேர்ந்தெடுத்த ஒரு துணை. இதை நில எடுப்பு அதிகாரிக்கு விளக்கிச் சொல்ல இரண்டு மூன்று சந்திப்பு ஆகும். பொறுமை வேண்டும்.

வாக்கியத்தை வேலையாக மாற்றுவது

சேகரித்ததெல்லாம் இப்போது மேலாண்மைத் திட்டத்தின், அதாவது கேட்டைத் தடுக்க யார் என்ன செய்வார் என்று சொல்லும் ஆவணத்தின், அட்டவணைக்குள் போக வேண்டும். ‘கட்டுமானத்தின்போது மாற்றுத்திறனாளிகளின் பாதுகாப்பு உறுதி செய்யப்படும்’ என்று எழுதினால் ஒப்பந்தக்காரர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுவார். இப்படி எழுதிப்பாருங்கள்: ‘நடைபாதையைத் தோண்டும் ஒவ்வொரு இடத்திலும், தோண்டுவதற்கு முன்பே, தரையிலிருந்து 10 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடாத திடத் தடுப்பும், 1.2 மீட்டர் அகலத்தில் ஜல்லி, மேடு பள்ளம் இல்லாத மாற்றுப் பாதையும் ஒப்பந்தக்காரர் அமைப்பார். மேற்பார்வைப் பொறியாளர் வாரம் ஒருமுறை படத்துடன் பதிவு செய்வார். இல்லாத நாளில் அந்தப் பகுதிக்கான பணம் நிறுத்தப்படும்.’ இதற்குச் சிரிக்க மாட்டார், விலை கேட்பார். விலை கேட்கிறார் என்றால் சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

அந்த விலை எங்கே போகும்? பொறியாளர்கள் பிஓகியூ என்று சொல்லும் வேலை அளவுப் பட்டியலில். புதியவர்கள் பலர் காப்பு ஆவணத்தை அழகாக எழுதிவிட்டு ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தைப் பார்க்கவே மாட்டார்கள். அந்தப் பட்டியலில் வரி இல்லாத எதுவும் தளத்தில் நடக்காது. ஒப்பந்தப்புள்ளி வெளியாகும் முன் கொள்முதல் பிரிவில் போய் உட்கார்ந்து, தடுப்பு இத்தனை மீட்டர், தொடுதரைக் கல் இத்தனை சதுர மீட்டர், சைகை மொழிபெயர்ப்பு இத்தனை நாள் என்று வரி வரியாகச் சேர்த்துவிட்டு வாருங்கள். உலக வங்கித் திட்டமென்றால் முக்கியமான இரண்டு மூன்று கடமைகளைச் சுற்றுச்சூழல், சமூக உறுதிமொழித் திட்டத்திலும் ஏற்றுங்கள். அது கடன் ஒப்பந்தத்தின் பகுதி, எளிதில் நழுவ முடியாது.

தொடுதரைக் கல் என்றதும் நினைவுக்கு வருகிறது. பார்வையற்றவர் காலால் உணரும் அந்தப் புடைப்புக் கற்களை உருவாக்கியவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே. 1967இல் ஒகயாமா நகரில் முதலில் பதித்தார்கள். புள்ளி வந்தால் நில், கோடு வந்தால் போ என்பதுதான் அதன் மொழி. இதைத் தெரியாமல் அழகுக்காகப் புள்ளிக் கல்லையும் கோட்டுக் கல்லையும் மாற்றி மாற்றிப் பதித்து, நடுவில் ஒரு மின்கம்பத்தையும் விட்டுவைத்த நடைபாதைகள் உண்டு. அளவுப் பட்டியலில் கல் இருந்தது, வரைபடத்தில் எந்தக் கல் எங்கே என்று இல்லை.

தொழிலாளர் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலக வங்கியின் 2ஆவது தரநிலை வேலையில் பாகுபாடு கூடாது என்கிறது. கிடங்குக் கணக்கு, வாயில் பதிவேடு, ஆய்வகப் பரிசோதனை, கணினி வேலை என மாற்றுத்திறனாளிகள் செய்யக்கூடிய பணி எந்தத் தளத்திலும் இருக்கும். திட்டத்தில் வேலை பார்க்கும்போதே அடிபட்டுக் குறைபாடு அடைந்தவரை என்ன செய்வார்கள் என்பதையும் தொழிலாளர் மேலாண்மை நடைமுறையில் எழுதச் சொல்லுங்கள்.

குறை சொல்ல வழி

குறைதீர் அமைப்பு என்றால் தொலைபேசி எண்ணும் ஒரு புகார்ப் பெட்டியும் என்ற அளவில்தான் பல திட்டங்கள் நிற்கின்றன. காது கேளாதவருக்கு எண்ணால் பயனில்லை, உயரத்தில் ஆணியடித்த பெட்டி சக்கர நாற்காலிக்கு எட்டாது, எழுதத் தெரியாதவருக்கு அந்தப் பெட்டியே சுவர். குறுஞ்செய்தி, வாட்ஸ்அப்பில் காணொலி, வீட்டுக்கே வந்து கேட்டு எழுதிக்கொள்ளும் ஆள், மாற்றுத்திறனாளிகள் அமைப்பு வழியாகக் கொடுக்கும் புகார் ஆகிய நான்கில் குறைந்தது மூன்று வழியாவது இருக்கட்டும். புகார் பராமரிப்பவரைப் பற்றியே இருக்கலாம். அதனால் மொழிபெயர்ப்பவராக எப்போதும் குடும்பத்தாரையே உட்கார வைக்காதீர்கள்.

அமைத்த பிறகு நீங்களே சோதித்துப் பாருங்கள். காது கேளாத நண்பர் ஒருவரை வைத்து ஒரு காணொலிப் புகார் அனுப்பச் சொல்லி, எத்தனை நாளில் என்ன பதில் வருகிறது என்று பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது ஒரு திட்ட அலுவலகத்திலிருந்து வந்த பதில்: ‘விவரங்களுக்கு இந்த எண்ணில் அழைக்கவும்.’

திட்ட அளவில் தீராத பிரச்சினைக்கு மேலே வழி உண்டு என்பதையும் மக்களுக்குச் சொல்ல வேண்டும். உலக வங்கி தன் விதியைத் தானே மீறியது என்று பாதிக்கப்பட்டவர்கள் முறையிட 1993 முதல் ஆய்வுக் குழு ஒன்று இருக்கிறது. மற்ற வளர்ச்சி வங்கிகளிலும் இதுபோன்ற அமைப்புகள் உண்டு.

வேலை நடக்கும்போதும் முடியும்போதும்

கண்காணிப்பு அறிக்கையில் ‘கூட்டத்தில் கலந்துகொண்ட மாற்றுத்திறனாளிகள்: 14’ என்று மட்டும் வந்தால் ஏற்காதீர்கள். எந்தக் குறைபாடு, ஆணா பெண்ணா, என்ன கேட்டார்கள், எது நடந்தது என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். இழப்பீடு வாங்கியவர், வேலை பெற்றவர், புகார் கொடுத்தவர் பட்டியல்களிலும் இதே பிரிப்பு வேண்டும். முதல் கணக்கெடுப்பில் ஆறு கேள்வியைச் சரியாகக் கேட்டிருந்தால் இது சுலபம். கேட்காமல் விட்டிருந்தால் இப்போது ஒப்பிட எதுவும் இருக்காது.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தளத்தில் ஒரு நடை வையுங்கள். சக்கர நாற்காலியில் ஒருவர், வெண்கோலோடு ஒருவர், காது கேளாத ஒருவர், கூடவே ஒப்பந்தக்காரரின் பொறியாளர். அவர்கள் நேரத்துக்கு ஆலோசகர்களுக்குக் கொடுப்பதுபோல ஊதியம் கொடுங்கள். பொறியாளர் முதல் நடையில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வருவார். சாய்தளத்தின் அடியில், சாலையும் சாய்தளமும் சேரும் இடத்தில் நாலு சென்டிமீட்டர் விளிம்பில் சக்கரம் முட்டி நிற்பதை நேரில் பார்த்ததும், அடுத்த நாளே ஆள் விட்டுச் சரி செய்வார். அதே விஷயத்தை நான் மூன்று கடிதத்தில் எழுதிப் பயனில்லாமல் போயிருக்கிறது.

கட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரருக்குக் கட்டுமானக் குறைகளைச் சரிசெய்யும் காலம் என்று ஒன்று ஓடும், பெரும்பாலும் ஒரு வருடம். அதுவரை அவருடைய பிணைத்தொகையில் ஒரு பகுதி திட்ட அலுவலகத்தின் கையில் இருக்கும். கடைசி நடையை அந்தக் காலம் முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே வைத்துவிடுங்கள். பிணைத்தொகையை விடுவித்த பிறகு அந்த நாலு சென்டிமீட்டர் விளிம்பை உடைக்க ஒருவரும் வரமாட்டார்கள்.